இதற்கு முன் என்ன போட்டீர்கள்?

எங்கள் அழகு நிலையத்தில் எல்லோரும் அவளைக் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்தவளான நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வாசலுக்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்து, போன் எடுத்து, வருகிறவர்களுக்குக் கார்டு எழுதுவது என் வேலை. அதனால் நான் மேசையக்கா. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். ஓம்ப்ரே என்று ஒரு சாயம் போடும் முறை இருக்கிறது. உச்சியில் முடி அதன் சொந்தக் கறுப்பிலேயே இருக்கும். கீழே போகப்போக மெல்ல வெளுத்து, நுனிக்கு வரும்போது தேன் நிறமாகிவிடும். படத்தில் பார்த்தால் என்னவோ வெயில் பட்டுத் தானாக அப்படி ஆன மாதிரி இருக்கும். தானாக எதுவும் ஆகாது; மூன்றரை மணி நேரம் ஒரு மனுஷி நின்றுகொண்டே வேலை செய்தால்தான் ஆகும். அந்த மனுஷி கலரக்கா.

கறுப்பு எங்கே முடிந்தது, வெளுப்பு எங்கே தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியக் கூடாது. இதுதான் அந்த வேலையின் உயிர். முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீப்பால் கீழிருந்து மேலாகத் தள்ளிச் சிக்காக்கி, மிஞ்சித் தொங்குகிற முடியில் மட்டும் வெளுப்பு மருந்தைத் தடவி, அலுமினியத் தாளில் சுற்றுவாள். வேறு கடைகளில் போட்டுக்கொண்டு, தோளில் கோடு கிழித்த மாதிரி வந்து நிற்பவர்களையும் அவள்தான் சரிசெய்வாள். "யாருங்க போட்டது இது? சுண்ணாம்பு அடிக்கிறவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பையே எடுப்பாள். வாய் கொஞ்சம் அதிகம். கைக்காக அந்த வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

கார்டுக்கு வருகிறேன். சாயம் போட வரும் எவரையும் நான் ஐந்து கேள்வி கேட்டு, கார்டில் எழுதி, அவளிடம் கொடுக்க வேண்டும். வயது, ஒவ்வாமை, மாத்திரை எல்லாம் இருக்கும். நாலாவது கேள்விதான் முக்கியம். கடந்த மூன்று வருடத்தில் இந்த முடியில் என்னென்ன போட்டீர்கள்? மருதாணியா, கடைப் பாக்கெட்டா, முடியை நேராக்கும் மருந்தா? ஏனென்றால், கடையில் விற்கிற சில கறுப்புப் பவுடர் பாக்கெட்டுகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன் மேல் வெளுப்பு மருந்து பட்டால் முடி கொதித்துப்போகும். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாற்பது வயதில் ஒரு நரைகூட இல்லாமல் வந்து உட்கார்ந்து, "நான் இதுவரைக்கும் ஒண்ணுமே போட்டதில்லைங்க" என்பார்கள். நானும் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொள்வேன்.

அதனால் கலரக்கா கார்டை மட்டும் நம்பமாட்டாள். பிடரியில் வெளியே தெரியாத இடத்தில் நாலு முடியை வெட்டி, மருந்துக் கிண்ணத்தில் போட்டு, அரை மணி நேரம் பார்ப்பாள். மருந்து சூடேறுகிறதா, முடி இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறதா என்று பார்த்த பிறகுதான் தலையில் கைவைப்பாள். எங்கள் கடை முதலாளியம்மாவின் சொந்த நாத்தனார் வந்தபோதுகூட நாலு முடியை வெட்டினாள். அந்த அம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கோவிச்சுக்கோங்க, பரவால்ல. வழுக்கையாயிட்டுக் கோவிச்சுக்காதீங்க" என்றாள் இவள்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு தலை கெட்டதில்லை. ஒரே ஒரு தலைதான் கெட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கலரக்காவின் புருஷன் ஏசி மெக்கானிக். ஊர் முழுக்கக் குளிர வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து புழுங்கிக்கொண்டிருப்பவர். அவர் ஒரு நாள் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டதாகத் தெரியவந்தது. சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று எட்டு மாதம் ஓடியது. கடைசியில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

ஒரே மகள். அப்போது பதினேழு வயது. அப்பா போன மூன்றாம் வாரம், மகள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்பாவோடு போனில் சிரித்துப் பேசியிருக்கிறாள். இவளுக்கு வயிறு எரிந்தது. "அவ்வளவு இனிக்குதுன்னா நீயும் உங்கப்பன்கூடவே போய்த் தொலை" என்று சொல்லிவிட்டாள். அம்மாக்கள் சொல்வதுதான். நான் என் பிள்ளைகளை எத்தனை முறை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்! அவர்கள் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பெண் எழுந்து கை கழுவினாள். பையில் துணியை வைத்தாள். போய்விட்டாள்.

நாலு நாளில் வந்துவிடுவாள் என்றாள் கலரக்கா. பிறகு பரீட்சை முடிந்ததும் வருவாள் என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒரு முறை போன் பண்ணுவாள். "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." "சரி, வெச்சிடறேன்." இவ்வளவுதான். கூப்பிட்டால் வந்துவிடுவாளே, கூப்பிடேன் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "போனவளுக்கு வரத் தெரியாதா?" என்பாள். அந்த வறட்டுப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நாலு மாதம் ஓட்டினாள்.

ஆனால் கணக்கு ஒன்று வைத்திருந்தாள். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். அதனால் ஒரு முடியைப் பார்த்தால் எந்த இடம் எந்த மாதத்தில் வளர்ந்தது என்று அவளால் சொல்ல முடியும். வேலை இல்லாத மத்தியானங்களில் டீ குடித்துக்கொண்டே திடீரென்று சொல்வாள்: "இந்நேரம் இடுப்பைத் தாண்டியிருக்கும் மேசையக்கா. நுனி வெட்டுறாளோ என்னவோ." யாருடைய முடி என்று நான் கேட்டதில்லை.

அது ஒரு புதன்கிழமை காலை. கூட்டம் இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வளர்ந்திருந்தாள், இளைத்திருந்தாள், பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. எனக்கு அடையாளம் தெரிவதற்குள் உள்ளேயிருந்து கலரக்கா வந்துவிட்டாள். கையில் சீப்பு. இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றார்கள். ஓடிவந்து கட்டிக்கொள்வதெல்லாம் நடக்கவில்லை.

"என்ன, இந்தப் பக்கம்?" என்றாள் அம்மாக்காரி. கேட்க வேறு வார்த்தை கிடைக்கவில்லை பாருங்கள்.

"வேலை கிடைச்சிருக்கும்மா. பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில. திங்கக்கிழமை சேரணும்."

"நல்லது."

"தலைக்கு... கீழே மட்டும் கலர் போடுவியே, அது போட்டுக்கலாமான்னு. அங்க எல்லாரும் போட்டிருக்காங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அங்கேருந்து வந்து போக மூணு மணி நேரம் ஆகுது. இங்கே உன்கூட இருந்துக்கிட்டுப் போகலாம்ல, அம்மாவைக் கேட்டுப் பாருன்னு சித்தி சொன்னாங்க."

சித்தி என்ற வார்த்தை கலரக்காவின் முகத்தில் ஒரு நொடி வந்து போனதை நான் பார்த்தேன். ஆனால் வந்த சந்தோஷத்தில் அது கரைந்துவிட்டது. "என்னடி இது, உன் வீட்டுக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கணும்? உன் ரூமு அப்படியேதான் இருக்கு" என்றாள். பச்சைப் பொய். அந்த அறையில் மழைக்கு நனையக்கூடாத பழைய சாமான்களை அடைத்து வைத்திருந்தாள். அன்றைக்கே அதைக் காலி செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

நான் வழக்கம்போல் ஒரு கார்டை உருவினேன். "உக்காரும்மா, அஞ்சு கேள்வி இருக்கு."

கலரக்கா என் கையிலிருந்த கார்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "என் வயித்துல பொறந்ததுக்கு எதுக்கு மேசையக்கா கார்டு?"

மகள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அல்லது இப்போது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அம்மா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னலை அவிழ்த்துப் பரப்பினாள். அந்த முடி கறுப்பு இல்லை, கன்னங்கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டும் மினுங்காத கறுப்பு. மேசையில் உட்கார்ந்து கார்டு எழுதுகிற எனக்கே உறுத்தியது. தினமும் பத்துத் தலையைத் தொடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் எழுந்து போய், பஞ்சு எடுக்கிற சாக்கில் காதருகே சொன்னேன்: "எதுக்கும் நாலு முடி வெட்டிப் பாரேன்."

"இந்த முடி எனக்குத் தெரியாதா?" என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பொறந்த அன்னைக்கு ஈரத்தோட பார்த்த முடி. என் கைபடாம ஒரு நாள் பள்ளிக்கூடம் போனதில்லை. ரெண்டு வருஷத்துல மாறிடுமா?"

மாறியிருப்பதை அவள் கண் பார்த்தது. மாறவில்லை என்று மனசு சொன்னது. "இதில் என்னடி போட்டாய்?" என்று கேட்டால், என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்கிற கேள்வியை இந்த ஒருத்தியிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. எனக்கும் அதற்கு மேல் வாயைக் கொடுக்கத் தோன்றவில்லை. பேசாமல் வந்து உட்கார்ந்தேன். அது என் பங்கு. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

அன்றைக்கு அவள் வேலை செய்ததைப் போல நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கற்றையையும் பட்டு மாதிரி எடுத்தாள். உச்சிக்குப் போகும்போது கையை இன்னும் மெதுவாக்கினாள். நாலு வயதில் கட்டில் முனையில் இடித்து ஆறு தையல் போட்ட தழும்பு அங்கே இருக்கிறது. சீப்புப் பட்டால் அந்தக் குழந்தை வீட்டையே இரண்டாக்கிவிடுமாம். "இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டாள். "அழுத்தினா வலிக்கும்" என்றாள் மகள். "அழுத்தமாட்டேன்."

மருந்து தடவத் தொடங்கிய இடம் தோள். அதற்குக் கீழே இருப்பதைக் கையில் ஏந்திக்கொண்டு, "இது பத்தாவது படிக்கும்போது வளர்ந்தது. இந்த நுனி இருக்கே, இது எட்டாவது. அப்பல்லாம் பேன் உனக்கு" என்றாள். மகள் சிரித்தாள். கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் சந்தேகத்தை நானே திட்டிக்கொண்டேன்.

கடைசித் தாளைச் சுற்றி முடித்துப் பத்து நிமிடம் இருக்கும்.

"அம்மா, கழுத்துல சுடுது."

"சுடாதேடி. லேசா கதகதன்னுதான் இருக்கும்."

"இல்லம்மா, சுடுது. நெஜமாவே சுடுது."

கலரக்கா ஒரு தாளைத் தொட்டாள். தொட்ட விரலை உடனே எடுத்தாள். தாளின் வாயிலிருந்து ஆவி மாதிரி ஒன்று வந்தது. அப்புறம் அந்த வாடை, கருகிய கம்பளி வாடை, வாசல்வரை வந்தது. அவள் தாள்களைப் பிய்த்து எறிந்தாள். நான் ஓடினேன். இரண்டு பேருமாகப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த் தலை கழுவும் தொட்டியில் சாய்த்துக் குழாயைத் திறந்தோம். தண்ணீர் பட்டதும் முடி நீண்டது. மெல்லும் கம் மாதிரி இழுபட்டு, கையோடு வந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. தொட்டியின் துவாரம் அடைத்துத் தண்ணீர் மேலே ஏறியது. கலரக்கா அதையும் கையால் வழித்து வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தோம். பிடரியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. தோளில் அங்கங்கே நார் நாராக ஏதோ தொங்கியது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கண்ணாடியைப் பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி போட்டே தலையில?" என்றாள் அம்மா. கேட்க வேண்டிய நேரம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"கறுப்புப் பவுடர். பாக்கெட்ல வருமே."

"எதுக்கு? உனக்கு என்ன வயசாச்சு?"

"நரைச்சிருச்சும்மா. அங்க போன மூணாவது மாசமே முன்னாடி ஒரு கொத்து வெள்ளையாயிருச்சு. காலேஜ்ல கிழவின்னு கூப்பிட்டாங்க. சித்திதான் வாங்கிட்டு வந்து தலை முழுக்கப் போட்டுவிட்டாங்க. மாசா மாசம் போடுவாங்க. போன வாரம்கூட."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? ஊருக்கெல்லாம் போட்டுவிடறேன், எம்பொண்ணுக்குப் போடமாட்டேனா?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? என்னை விட்டுட்டுப் போனேல்ல, அதான் நரைச்சிருச்சுன்னு சொல்லியிருப்பே."

சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இன்னைக்காவது சொல்லலாம்ல?" என்று நான் குறுக்கே நுழைந்தேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் அம்மாவைத்தான் பார்த்தாள். "எல்லாரையும் கேப்பியே, என்னையும் கேப்பேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். கேட்டா சொல்லணும்னுதான் வந்தேன். நீ கேக்கலம்மா. அன்னைக்கும் அப்படித்தான். அப்பாகூடப் போன்னு சொன்னே. போறியான்னு கேக்கவே இல்லை."

கத்தவில்லை, அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மிச்சத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். வேறு யாரையாவது செய்யச் சொல் என்றேன். கேட்கவில்லை. அவளே வெட்டினாள். கெட்டுப்போன இடம் ஏறி இறங்கி இருந்ததால் தோளுக்கு மேலே வரை போக வேண்டியதாயிற்று. தொழில் கை அது, தானாக ஓடியது. முடிந்ததும் சீப்பில் இருக்கிற அங்குலக் கோட்டை வேரிலிருந்து நுனிவரை வைத்துப் பார்த்தாள். ஏன் அளக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"பரவால்ல விடும்மா, வளரும்" என்றாள் மகள். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வந்துருவேல்ல? ஞாயித்துக்கிழமையே வந்தாலும் சரிதான்."

"பார்க்கிறேம்மா."

பார்க்கிறேன் என்றால் என்ன என்று நம்மில் யாருக்குத் தெரியாது? நாம் எத்தனை பேரிடம் அதைச் சொல்லி வாசலைத் தாண்டியிருக்கிறோம்.

அவள் போன பிறகு கலரக்கா துடைப்பத்தை எடுத்தாள். நான் பிடுங்கப் போனேன், தரவில்லை. பெருக்கிக் குவித்ததை வாரிக் கொட்டாமல் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இருபத்தெட்டு மாசம், மேசையக்கா. பதினாலு அங்குலம். வெட்டினப்புறம் பதிமூணுதான் நிக்குது."

"அதுக்கென்ன?"

"அவ தலையில இப்ப இருக்கிறது முழுக்க அங்க வளர்ந்தது. எங்கிட்ட வளர்ந்தது எல்லாம் இதோ கிடக்கு. ஒரு விரல் அளவுகூட மிச்சமில்ல."

வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு மனுஷிக்கு அழவே தெரியாமல் அழுகை வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். இருமுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்து, சுவரைத் துடைத்து, புதுத் தலையணை வாங்கிப் போட்டாள். மகள் வரவில்லை. திங்கள்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். அது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் கலரக்கா மத்தியானம் பக்கத்துத் தெருவுக்குப் போய் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "சீருடை நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பஸ் நிறுத்தத்திலிருந்து அந்தக் கடைக்குப் போக எங்கள் வாசல்தான் குறுக்கு வழி. அந்தப் பெண் ஒரு நாளும் இந்த வழியாக வரவில்லை. காய்கறிக் கடையைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று பிறகு தெரிந்தது. போன் பண்ணினால் முன்னைப் போலவேதான். "சாப்பிட்டியா?" "ம்." ஒன்றரை மணி நேரம் போகவும் ஒன்றரை மணி நேரம் வரவும் பஸ்ஸில் நின்றாலும் நிற்பாள், இங்கே வரமாட்டாள்.

கலரக்கா வேலையை விடவில்லை. முதலாளியம்மாவும் எதுவும் சொல்லவில்லை. வெளியாள் தலையாக இருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அவள் வாய் போய்விட்டது. கோடு விழுந்த தலையைப் பார்த்தால் கிண்டல் செய்வதில்லை. ஒவ்வொருவரிடமும் நாலாவது கேள்வியை நான் கேட்ட பிறகு அவளும் ஒரு முறை கேட்பாள். பதில் வந்ததும் இன்னொரு முறை கேட்பாள். "அதான் சொன்னேனே" என்று சிலர் எரிந்து விழுந்தார்கள். விழட்டும் என்று கேட்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது. எடுத்தேன். பழக்கமில்லாத பெண் குரல், தயங்கித் தயங்கி.

"அங்க கலர் போடுறவங்க இருக்காங்களா? அவங்க மக விஷயமா பேசணும். நான்... அவளோட சித்தி."

உள்ளே போனேன். கலரக்கா ஒரு ஆசிரியையின் தலையில் பாதித் தாள் சுற்றியிருந்தாள். இரண்டு கையிலும் உறை, உறை நிறைய மருந்து. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த தூரிகையைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, "ஸ்பீக்கர்ல போட்டுப் பிடி" என்றாள். ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேசைக்கு வந்தாள். நான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க."

"தப்பா நினைச்சுக்காதீங்க. புள்ளைக்கு முன்னாடி வெள்ளை நிறைய தெரியுது. கடையில ஆளுங்க பாக்கறாங்கன்னு வருத்தப்படறா. அந்தப் பாக்கெட்டைப் போட எனக்குப் பயமா இருக்கு. எது போட்டா ஆகாது, எது போட்டா ஆகும்னு நீங்கதான் சொல்லணும்."

கலரக்கா கண்ணை மூடித் திறந்தாள். "மேசையக்கா, ஒரு கார்டு எடு" என்றாள். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா என்று நான் எழுதினேன்.

"அந்தப் பாக்கெட்டை எப்பலேருந்து போட்டீங்க?"

"வந்த மூணாம் மாசத்துலேருந்து."

"மாசத்துக்கு ஒரு தடவையா?"

"ஆமாங்க. நடுவுல பரீட்சை நேரத்துல ஒரு மாசம் விட்டுட்டோம்."

"அரிப்பு, கொப்புளம் எதாவது வந்துச்சா?"

"ஒரு தடவை காதுக்குப் பின்னாடி சிவந்துச்சு. எண்ணெய் தடவிவிட்டேன், போயிருச்சு."

"தூக்கம் வருதா அவளுக்கு?" இது கார்டில் இல்லாத கேள்வி.

"முன்னைவிடப் பரவால்லைங்க."

எந்தச் சாயம் வாங்க வேண்டும், பெட்டியில் என்ன எழுதியிருந்தால் வாங்கக் கூடாது, இரண்டு நாள் முன்னால் முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பது, எத்தனை நிமிடம் வைப்பது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். நல்ல மாதிரிதான் பேசினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வாய்க்கொழுப்புப் பிடித்தவளாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டாவது ஆறுதலாக இருந்திருப்போம்.

"அவ பக்கத்துல இருக்காளா?" என்றாள் கலரக்கா.

"இருக்கா."

"பேசறாளான்னு கேளுங்களேன்."

கேளுங்களேன் என்றாள். போனில் எங்கோ பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தலையை ஆட்டறா, வேணாங்கற மாதிரி. இன்னொரு நாள் பேசுவா" என்றாள்.

"சரி, சரி. தொந்தரவு பண்ணாதீங்க." கலரக்கா அவசரமாகச் சொன்னாள். "ஒண்ணு மட்டும். உச்சியில வாரும்போது மெதுவா வாருங்க. அங்க ஒரு தழும்பு இருக்கு. அழுத்தினா அவளுக்கு வலிக்கும்."

"தெரியும்ங்க" என்றாள் அந்தப் பெண். "அந்த இடத்தை நான் கையாலதான் கோதிவிடுவேன். சீப்பு வைக்கமாட்டேன்."

கலரக்கா தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் எதிரே இருப்பவளுக்குத் தெரியாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் "வெச்சிடறோம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உறையெல்லாம் மருந்து, அந்தக் கையால் கண்ணைத் துடைக்க முடியாது. நான் மேசையைச் சுற்றி வந்து என் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ஆசிரியை, "நேரமாயிருச்சாங்க?" என்று குரல் கொடுத்தார்.

"வந்துட்டேங்க" என்றாள். போனவள் இரண்டடி திரும்பி வந்து, மேசையில் இருந்த கார்டைக் குனிந்து படித்தாள். நாலாவது கேள்விக்கு நேரே என் கோணல் எழுத்தில் எல்லாம் இருந்தது: பவுடர் பாக்கெட், மூன்றாம் மாதத்திலிருந்து, மாதம் ஒரு முறை, ஒரு மாதம் விட்டது.

"இவ்வளவுதான்" என்றாள். "கேட்டிருந்தா ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்."